நுரையும் தூய்மையும்

நம் சங்க இதழுக்கு விஞ்ஞானக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் கேட்டபோது, விளக்குமாற்றைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அருகில் இருந்த நண்பர்கள் சிரித்துவிட்டனர். அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதினால் இதழுக்குப் பெருமையாக இருக்குமே என்று ஒருவர் அன்போடு ஆலோசனையும் கூறினார். நான் இரசாயனத்தில் முதுகலை பயிலும் மாணவி. ஆனால் இரசாயனத்தை நான் முதன்முதலில் கண்டது ஆய்வுக்கூடத்தில் அன்று. ஜங்புராவில் ஒரு பெரிய வீட்டின் குளியலறையில் கண்டேன். என் தாயார் அங்கே தரை தேய்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் இந்தப் பொருள்.

டில்லிக்குப் புதிதாக வந்த மாணவர்கள் மதராசி கேம்ப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். இனிப் பார்க்கவும் இயலாது. ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா கால்வாயின் கரையில், அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி அது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மழை பொய்த்த ஆண்டொன்றில் என் பாட்டனார் அங்கே வந்து சேர்ந்தார். ஆண்கள் கிடைத்த கூலி வேலைக்குச் சென்றனர். பெண்களில் மிகப் பலர் சுற்றுப்புறத்துப் பெரிய வீடுகளில் வேலை செய்தனர். அவ்வீடுகளைக் ‘கோட்டி’ என்பார்கள். அங்கே செய்யும் வேலைக்கு ‘ஜாடூ-போச்சா’ என்று பெயர். பெருக்குவது ஜாடூ, துடைப்பது போச்சா. என் தாயார் அவ்வேலையை இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்து வருகிறார். அந்தக் கூலியில்தான் நான் லோதி எஸ்டேட்டில் உள்ள தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிறகு பல்கலைக்கழகத்துக்கும் வந்தேன். ஆகவே துப்புரவு என்பது எனக்கு ஒழிந்த நேரத்துப் பேச்சன்று.

அழுக்கு ஊருக்கு ஊர் வேறு

அழுக்கு எங்கும் ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. தட்பவெப்பம் மாறினால் அழுக்கும் மாறும். கடலை ஒட்டிய நம் ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அங்கே வீட்டுக்குப் பகை பூஞ்சணமும், பாசியும், பிசுக்கும். டில்லியிலோ ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 770 மில்லிமீட்டர்தான். அதன் பெரும்பகுதியும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ‘லூ’ என்னும் வெப்பக் காற்று வீசும்போது பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே இறங்குவது உண்டு. நனைத்த துணி அரைமணியில் காய்ந்துவிடுகிறது. இந்த வறட்சியில் பூஞ்சணம் வளர முடியாது. மெத்தையில் வாழும் நுண்ணிய தூசிப்பூச்சிகள் தமக்கு வேண்டிய நீரைக் காற்றிலிருந்தே உறிஞ்சுபவை. ஈரப்பதம் ஐம்பதுக்குக் கீழே நெடுநாள் இருந்தால் அவையும் வற்றிச் சாகும். வறண்ட ஊர் இவ்வகையில் தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்கிறது என்றே சொல்லலாம்.

அப்படியானால் இங்கே அழுக்கு எது? இரண்டே இரண்டுதான். ஒன்று காற்றில் வரும் தூசு. மற்றொன்று தண்ணீரில் வரும் உப்பு. சமையலறைப் பிசுக்கு எல்லா ஊருக்கும் பொது, அதை விட்டுவிடுவோம். இந்த இரண்டையும் நுரை வரும் பொருள்களால் வெல்ல முடியாது. ஆயினும் டில்லியில் துப்புரவுக்கென்று விற்கப்படும் புட்டிகளில் முக்கால்வாசி நுரையையே நம்பி இருக்கின்றன. என் தாயாரும் பல ஆண்டுகள் அவற்றை நம்பினார். நான் அதைவிட அதிகமாக நம்பினேன், படித்தவள் அல்லவா!

முதலில் தூசைப் பார்ப்போம். மே மாதத்தில் ‘ஆந்தி’ என்னும் புழுதிப் புயல் அடிக்கும்போது மேற்கே ராஜஸ்தான் பக்கத்துப் பாலைநிலத்திலிருந்து மண் பறந்து வருகிறது. அதனோடு சாலைப் புழுதியும், கட்டட வேலைகளின் சிமெண்டுத் தூளும், புகைக்கரியும் கலக்கின்றன. இதைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் என்ன நிகழ்கிறது? பருமணல் முறத்துக்குப் போகிறது. நுண்தூசு எழும்பிக் காற்றில் நின்றுவிடுகிறது. நீர்மத்திலோ வாயுவிலோ சிறு துகள் எவ்வளவு வேகத்தில் கீழே இறங்கும் என்பதை ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851-இல் கணக்கிட்டார். அவ்விதிப்படி வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மணலின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள், அசையாத காற்றில், ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர மூன்று நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கோ ஐந்து மணி நேரம் வேண்டும். காலை எட்டு மணிக்குக் கிளப்பிவிட்ட தூசு பகல் ஒரு மணி வரை அறையில் மிதக்கும். நுரையீரலின் ஆழத்துக்குச் செல்வதும் இந்த நுண்தூசுதான். வீட்டுக்காரர் அலுவலகம் போய்விடுவார். பெருக்கியவள் அந்தக் காற்றிலேயே பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குச் சென்று மறுபடியும் தூசைக் கிளப்புவாள். ஒரு நாளைக்கு நான்கு வீடு, ஐந்து வீடு.

ஆகவே வறண்ட ஊரில் முதல் விதி, காயவிட்டுப் பெருக்காதே என்பது. நம் பாட்டிமார் வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கியது இதற்காகத்தான். ஆனால் பாட்டியின் முறையை அப்படியே டில்லியில் செய்ய முடியாது. வாளி வாளியாக ஊற்றிக் கழுவ இங்கே தண்ணீர் கிடையாது. கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு ஒரு டிரம்மும் இரண்டு குடமும்தான் கணக்கு. ஊரிலிருந்து வந்த புதிதில் பாட்டி, “தண்ணி விட்டுக் கழுவாத ஊடு ஒரு ஊடா?” என்று முணுமுணுப்பாராம். பிறகு அவரே நனைத்துப் பிழிந்த சாக்கை வீசித் துடைக்கக் கற்றுக்கொண்டார்.

நனைத்து இறுகப் பிழிந்த துணி போதும். சொட்டச் சொட்ட இருந்தால் தூசு சேறாகிக் கோடு விழும். மேலிருந்து கீழாக, அலமாரி, மேசை, சன்னல் விளிம்பு, கடைசியில் தரை என்று போகவேண்டும். நுண்தூசு துணியின் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்குப் போகாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வறண்ட காற்றில் பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் உண்டாகி, துடைத்த இடமே தூசை இழுக்கத் தொடங்கும். விடுதியில் கணினித் திரையைத் துடைத்த மறுநாளே மீண்டும் தூசு படிவதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் தோழிகள் இதைக் கவனிக்கலாம். ஈரத்துணியில் மின்னேற்றம் தங்காது. ஆனால் மின்சாரத்தை அணைத்துவிட்டுத் துடையுங்கள்; துணியில் ஈரம் தெரியக்கூடாத அளவுக்குப் பிழிந்திருக்கட்டும்.

பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பழைய வழி உண்டு. தேநீர் போட்ட சக்கையைப் பால் வாடை போக அலசி, பிழிந்து, தரையில் தூவிவிட்டுப் பெருக்கினால் ஈரச் சக்கை தூசைப் பிடித்துக்கொள்ளும். தேநீருக்குப் பஞ்சமில்லாத நகரம் இது. வெள்ளைப் பளிங்குத் தரையில் மட்டும் செய்யவேண்டாம்; கறை படியும்.

தண்ணீரின் உப்பு

வறண்ட நாட்டில் மண்ணின் ஈரம் எப்போதும் மேல்நோக்கியே இழுக்கப்படுகிறது. வெயில் நீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுச் செல்கிறது. இப்படிப் பூத்த மண்ணைத்தான் நம் ஊரில் உவர்மண் என்கிறோம். சோப்பு வராத காலத்தில் வண்ணார்கள் துணி வெளுத்தது இந்த உவர்மண்ணால்தான். வடநாட்டில் இதையொத்த மண்ணை ‘ரே’ என்பர். அதில் உள்ளது சலவைச் சோடா, அதாவது சோடியம் கார்பனேட். வறண்ட நிலத்தின் குறையே அந்நிலத்துக்குச் சலவைப்பொருளும் ஆயிற்று என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

டில்லியில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும், பல இடங்களில் லாரித் தண்ணீரும், கால்சிய மெக்னீசிய உப்புகள் மிகுந்த கடினநீர். குடிநீரில் இக்கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் இல்லையேல் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்திய தர நிர்ணயம் வரையறுக்கிறது. 300 என்றே வைத்துக்கொள்வோம். இந்நீரில் சோப்பைக் கரைத்தால், சோப்பின் கொழுப்பமிலம் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளை ஏடாகிவிடும். கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகே சோப்பு தன் வேலையைத் தொடங்கும். கணக்கிட்டுப் பார்த்தேன்: 15 லிட்டர் வாளி ஒன்றில் ஏறத்தாழ 27 கிராம் சோப்பு இப்படி வீணாகிறது. துணி வெளுக்கும் முன்பே போகும் சோப்பு இது. வீணாவதோடு நில்லாமல் அந்த ஏடு துணியிலும், தரையிலும், வாளியின் விளிம்பிலும் படிகிறது. அதன்மேல் தூசு ஒட்டுகிறது. நாம் அழுக்குப் போகவில்லை என்று இன்னும் சோப்பு போடுகிறோம்!

இதற்கு மருந்து அந்தப் பழைய உவர்மண்ணில் இருந்த பொருளே. அதே வாளிக்குப் படிகச் சலவைச் சோடா 13 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய கரண்டி, முதலில் கரைத்துச் சற்று நேரம் விட்டால் கால்சியம் சுண்ணாம்பாகக் கீழே படியும், சோப்பு மிச்சமாகும். வெதுவெதுப்பான நீரானால் விரைவில் படியும். இதிலும் வறட்சி குறுக்கிடுகிறது. சலவைச் சோடாப் படிகம் தன் எடையில் பாதிக்கு மேல் நீரைச் சேர்த்து வைத்திருப்பது. டில்லிக் காற்றில் திறந்து வைத்தால் அந்நீர் ஓடிப்போய்ப் படிகம் வெண்பொடியாகப் பூத்துவிடும். அப்பொடி 13 கிராமில் இருமடங்குக்கு மேல் காரம் இருக்கும். ஆகவே பொடியானால் பாதி அளவு போதும். கையுறை இன்றித் தொடவேண்டாம். அலுமினியப் பாத்திரத்தில் போடவே வேண்டாம், அரித்துவிடும்.

படிந்த உப்பை எடுப்பதற்குக் காரம் உதவாது, அமிலம் வேண்டும். குழாயின் வாயில், வாளியில், விடுதியின் மின்கெட்டிலில் வெள்ளையாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு சிட்ரிக் அமிலம் இருக்கிறது; வினிகரில் ஏறத்தாழ அவ்வளவே அசெட்டிக் அமிலம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். மளிகைக் கடையில் ‘டாட்ரி’ அல்லது ‘நிம்பூ சத்’ என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் வெள்ளைப் படிகமாகக் கிடைக்கும். அதில் இரண்டு சிறு கரண்டி ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் கெட்டிலில் கொதிக்கவைத்து அரைமணி விட்டால் கரியமில வாயு குமிழிட்டு உப்பு கழன்றுவிடும். குழாய்க்கு ஊற்றினால் பயனில்லை, டில்லி வெயிலில் வேலை செய்யும் முன்பே உலர்ந்துவிடும். கரைசலில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி, அதன்மேல் பாலிதீன் பையைக் கட்டி, அரைமணி கழித்துத் துடைக்க வேண்டும். இந்தப் பையின் யோசனை அம்மாவுடையது.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் அமிலங்களைப் பற்றிப் படித்த உற்சாகத்தில், கடையில் விற்கும் விஷப் புட்டிகளை விட்டுவிடு, வினிகரால் துடை, அது இயற்கைப் பொருள் என்று அம்மாவுக்கு உபதேசம் செய்தேன். அம்மா நம்பினார். ஒரு கோட்டியில் வரவேற்பறைத் தரையில் நீர்க்கறை இருந்த இடங்களில் வினிகரை ஊற்றி ஊறவைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். திரும்பி வந்து துடைத்தபோது கறை போயிருந்தது. கல்லின் பளபளப்பும் போயிருந்தது. அது வெள்ளைப் பளிங்கு. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தானே! குழாயின் உப்பைக் கரைக்கும் அமிலம் பளிங்கை மட்டும் விட்டுவைக்குமா? டில்லி வீடுகளில் மிகுதியாகப் போடப்படும் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக் கல்லே. இது பள்ளிப் பாடம். எனக்கு அன்று தோன்றவில்லை.

அம்மாவுக்கு அந்த வீட்டில் ஒரு மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டது. வீட்டுக்கு வந்து, “கல்லு வெளுத்துப் போச்சு பாப்பா” என்று மட்டும் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு அமிலம், காரம் என்ற தலைப்பில் எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது.

இயற்கைப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது என்பதை அன்று முதல் மறவாமல் இருக்கிறேன். வினிகரையும் ஆப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்து துடைத்தால் எல்லா அழுக்கும் போகும் என்று இப்போது பலர் சொல்லிவருகிறார்கள். அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொங்கி அடங்கியபின் எஞ்சுவது சோடியம் அசெட்டேட் என்னும் உப்புக் கரைந்த தண்ணீர். பொங்குவதைப் பார்த்து மகிழலாம். தனித்தனியே இரண்டும் நல்லவை: ஆப்பச்சோடா பிசுக்குக்கும் நாற்றத்துக்கும், வினிகர் உப்புக் கறைக்கும்.

கலக்கக் கூடாதவை

வினிகரும் ஆப்பச்சோடாவும் கலந்தால் நட்டம் காசுதான். வேறு சில கலப்புகளில் உயிர் போகும். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விடுமுறையில் அம்மாவுக்குத் துணையாகச் சென்றிருந்தேன். விருந்தினர் வருகிறார்கள், குளியலறை பளிச்சென்று இருக்கவேண்டும் என்று வீட்டம்மையார் சொல்லியிருந்தார். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தை அம்மா ஊற்றினார். மஞ்சள் கறை அசையவில்லை. அதன்மேல் வெளுப்புத்தூளைத் தூவினார். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டைப் பலன் என்பது எளிய நியாயம்தானே! நான் வாசற்படியில் நின்றிருந்தேன். நீச்சற்குளத்து வாடை போல ஒன்று, ஆனால் தொண்டையை அறுப்பது போல வந்தது. அம்மா குந்தியபடி தேய்த்துக்கொண்டிருந்தார். எழ முயன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் அலறியதில் காவற்காரர் ஓடிவந்து வெளியே இழுத்தார். மூன்று நாள் அம்மா படுத்திருந்தார். இன்றும் குளிர்காலத்தில், புகை மூட்டம் வந்ததும், அந்த இருமல் திரும்பிவிடுகிறது.

அங்கே நிகழ்ந்தது இதுதான். கழிப்பறைத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெளுப்புத்தூளிலும், வெளுப்புத் திரவத்திலும் இருப்பது ஹைப்போகுளோரைட்டு. இரண்டும் சேர்ந்தவுடன் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர நகரின் அருகே ஜெர்மானியப் படை எதிரிகளின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். குழிகளில் பதுங்கியிருந்தோரை அது தேடிச் சென்று பிடித்தது. ஏனெனில் குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தாழ்வான இடத்தை நாடும். சன்னலற்ற குளியலறையில் தாழ்ந்த இடம் தரை. அங்கே குந்தி அமர்ந்து தேய்ப்பவளின் மூக்கும் தரையருகேதான் இருக்கிறது. நின்றுகொண்டு மேற்பார்வை செய்பவருக்கு முதலில் வாடைதான் தெரியும். எப்போதேனும் இப்படி நேர்ந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவ நிற்கவேண்டாம். உடனே எழுந்து வெளிக்காற்றுக்குச் செல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். வெளுப்புப் பொருளோடு வினிகரும் எலுமிச்சையும்கூட ஆகா, அவையும் அமிலங்களே. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் ஆகாது. அதில் குளோரமீன் என்னும் வேறொரு நச்சுவாயு எழும்.

புட்டிகளின் முதுகில் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது, சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

பூந்திக்கொட்டையும் யமுனையும்

நுரை வேண்டும் என்றே ஆசைப்படுவோருக்கு நம் நாட்டு மரங்கள் நுரையும் தருகின்றன. பூந்திக்கொட்டையை இங்கே ‘ரீட்டா’ என்பார்கள். அதன் தோலிலும், சீயக்காயிலும், வறண்ட காட்டில் வளரும் உசிலை மரத்தின் இலையை அரைத்த அரப்பிலும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. சோப்பைப் போல இது கடினநீரில் வெள்ளை ஏடாக மாறுவதில்லை. உப்புத்தண்ணீர் ஊரில் இதுவே இதன் பெருஞ்சிறப்பு. பத்துப் பன்னிரண்டு கொட்டைகளின் விதையை நீக்கி ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்தால் பட்டுக்கும், கம்பளிக்கும், பாத்திரத்துக்கும், தரைக்கும் ஆகும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வடித்த நீர் மூன்று நான்கு நாளில் புளித்துவிடும். கொட்டையைக் காயவைத்தே சேமியுங்கள். இதையும் புகழ்ந்துகொண்டே போவதற்கில்லை. குளத்தில் மீனை மயக்கிப் பிடிக்கப் பழங்காலத்தில் சபோனின் உள்ள காய்களைப் பயன்படுத்தியது உண்டு. ஆறு முழுவதும் பூந்திக்கொட்டை நீர் ஓடினால் மீன் அதற்கும் சாகும். ஆனால் இது விரைவில் சிதைவது.

ஆலையில் செய்யும் சலவைத்தூளின் நிலை என்ன? இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேனாடுகளில் வந்த முதல் சலவைத்தூள்கள் நுண்ணுயிர்களால் சிதையாத வகை. ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. ஜெர்மனி 1961-இல் அதற்கெதிராகச் சட்டம் செய்தது. 1960-களின் நடுவில் ஆலைகள் எளிதில் சிதையும் வகைக்கு மாறின. இன்று நம் நாட்டுத் தூள்களிலும் அவ்வகையே பெரிதும் சேர்க்கப்படுகிறது. அதன் மூலப்பொருளைச் செய்யும் ஆலைகளுள் ஒன்று நம் சென்னையை அடுத்த மணலியில் இருக்கிறது. ஆனால் அது சிதைவதற்கு நீரில் பிராணவாயு வேண்டும். டில்லியின் சாக்கடைகளில் அது இல்லை. வஜீராபாதுக்கும் ஓக்லாவுக்கும் இடையே 22 கிலோமீட்டர் தூரம் யமுனையிலும் ஆண்டின் பெரும்பகுதி அது இல்லை. ஆகவே நாம் ஊற்றிய நுரைப்பொருள் சிதையாமலே சென்று, ஓக்லா அணையில் நீர் உயரத்திலிருந்து விழும்போது மீண்டும் நுரையாக எழுகிறது. அக்டோபர், நவம்பரில் காளிந்தி குஞ்ச் பக்கம் சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். சட் பூசைக்கு வரும் பெண்கள் அந்த வெண்ணுரைக்குள் இடுப்பளவு நின்று கதிரவனை வணங்குகிறார்கள். தரம் குறைந்த சலவைத்தூள்களை விற்கக் கூடாது என்று டில்லியில் 2021-இல் தடை போடப்பட்டது. தூள் தரமானதாக இருந்தாலும் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் போனால் இதே கதைதான்.

அந்த நுரை யமுனைக்குச் செல்லும் வழிகளுள் பாராபுல்லாக் கால்வாயும் ஒன்று. தென் டில்லிக் கோட்டிகளின் குளியலறைகளில் எங்கள் பெண்கள் கரைத்து ஊற்றியது மாலையில் எங்கள் வீட்டுப் பின்புறமாகவே ஓடியது. கால்வாயில் நீரோட்டம் தடைப்பட்டு மழைக்காலத்தில் வெள்ளம் தேங்குகிறது, அதைத் தூர்வாரித் துப்புரவு செய்யக் குடிசைகள் இடையூறாக உள்ளன என்ற வழக்கில், டில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஆணையிட்டது. ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடிசைகளில் 189 குடும்பங்களே மாற்று வீடு பெறத் தகுதியானவை என்று பட்டியலில் வந்தன. எங்கள் பெயர் அதில் இருந்தது. அடுத்த வீட்டு அத்தையின் பெயர் இல்லை. அன்று காலை அவர் இடிக்கப்போகும் வீட்டைக் கடைசியாக ஒருமுறை ஈரத்துணியால் துடைத்ததை நான் பார்த்தேன். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நரேலாவில் இருக்கிறோம். ஜங்புராவுக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அம்மா பழைய கோட்டிகளில் இரண்டை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்; அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறார்.

விடுதியில் இருக்கும் நண்பர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்லிவிடுகிறேன். ஒன்று வெயிலைப் பற்றியது. டில்லியின் மே மாத வெயில் காசில்லாத கிருமிநாசினி. மூட்டைப்பூச்சி 50 டிகிரிக்கு மேல் தாங்காது. போர்வையையும் மெல்லிய விரிப்பையும் கறுப்புப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி நண்பகலில் மொட்டைமாடியில் மூன்று நான்கு மணி நேரம் போட்டால் முட்டையும் பூச்சியும் சேர்ந்து தொலையும். தடித்த மெத்தையின் நடுவுக்கு வெப்பம் எட்டாது. அதற்கு இதை நம்பவேண்டாம். மற்றொன்று கூலரைப் பற்றியது. கூலரில் நீர் ஆவியாகப் போகப்போக உப்பு மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டிவிட்டு நிரப்பவேண்டும். கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் சுவரைத் தேய்க்கவும் வேண்டும். டெங்குக் கொசு தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கிறது. அம்முட்டை வறட்சியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, தண்ணீர் பட்டவுடன் பொரியும். இந்த ஊரின் வறட்சிக்கு அஞ்சாத உயிர் அது ஒன்று.

அந்தப் புட்டிகளுக்கு நாங்கள் கண்ட வழியையும் சொல்லவேண்டும். படிக்கத் தெரியாதவர்க்கு எழுத்து எச்சரிக்கை உதவாது என்பதால், நானும் அம்மாவும் நூல் கட்டினோம். அமிலம் எதுவாயினும், வினிகர் உட்பட, புட்டியின் கழுத்தில் சிவப்பு நூல். வெளுப்புப் பொருளுக்கு வெள்ளை நூல். சிவப்பும் வெள்ளையும் ஒரே அறைக்கு ஒரே நாளில் போகக் கூடாது. பளிங்குத் தரை உள்ள வீட்டில் சிவப்பு தரைக்கு இறங்கவே கூடாது. இவ்வளவுதான் பாடம். அம்மா தான் வேலை செய்யும் வீடுகளில் கட்டினார்; பிறகு கேம்ப்பில் மற்றப் பெண்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இப்போது அவர்கள் ஒரே இடத்தில் இல்லை. சென்ற மாதம் அம்மா பேருந்தில் பழைய அண்டை வீட்டுக்காரி ஒருத்தியைக் கண்டாராம். அவள் இப்போது வேறு பக்கத்தில், புது வீடுகளில் வேலை செய்கிறாள். நலம் விசாரித்துவிட்டு அவள் கேட்டது, “அக்கா, அந்தச் செவப்பு நூலு இருந்தா ஒரு முழம் குடேன்” என்று. அம்மாவின் பையில் இருந்தது.